நாம் செய்த நாயகன் இரண்டாம் பாகத்தில் எங்கே போனான்?

பர்மாவின் மோல்மீனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமை இப்போதுதான் முடித்தாராம். ஓர்சமார் நகரத்துக் குள்ளர்களில் சாதியற்ற பெண்ணாக ஒருத்தியை உருவாக்கி, கன்னத்து முத்திரை எப்படி இருக்க வேண்டும், மூக்கு எவ்வளவு அகலம் என்று பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் ஆர்ச்டீமன் என்ற பெரும் எதிரியையும் அவள் கையாலேயே வீழ்த்தியாகிவிட்டது. ஆசை ஆசையாக இரண்டாம் பாகத்தைப் போட்டால் அவளைக் காணோம். ஹாக் என்று யாரோ ஒருவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடிவருகிறார். “மாஸ் எஃபெக்டில் மட்டும் அதே ஷெப்பர்டு மூன்று பாகத்திலும் வருகிறார், அதுவும் இதே பயோவேர் கம்பெனிதானே அண்ணே? என் ஆளை மட்டும் ஏன் தூக்கிப் போட்டார்கள்? மற்ற கேம்களிலும் இப்படித்தானா?” என்பது கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், ஷெப்பர்டை அவர்கள் உங்கள் கையில் முழுதாகக் கொடுக்கவே இல்லை. ஆரிஜின்ஸின் நாயகரான வார்டனைக் கொடுத்துவிட்டார்கள். முதல் பாகத்தில் எவ்வளவு கொடுத்தார்களோ அவ்வளவுக்கு அடுத்த பாகத்தில் அவர்கள் கை கட்டப்பட்டுவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வார்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த ஆரிஜின்ஸில் மொத்தம் ஆறு பூர்வீகம். மனிதப் பிரபு வீடு, மந்திரவாதிகளின் கோபுரம், நகரத்து எல்ஃப், காட்டு எல்ஃப், குள்ளர் அரச குடும்பம், குள்ளர்களில் சாதியற்றவர். ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். பேச்சுக்குக் குரலே கிடையாது. வரியைத் தேர்ந்தெடுத்தால் எதிராளி பதில் சொல்வார், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிச் சண்டையில் வார்டன் செத்தும் போகலாம். இப்போது இரண்டாம் பாகத்தை எழுத உட்காருகிறவரின் நிலைமையை யோசியுங்கள். ஒரு வீட்டில் நாயகி உயிரோடு ராணியாக இருக்கிறாள், பக்கத்து வீட்டில் அதே நாயகி ஒரு எல்ஃப், செத்துப் புதைத்தாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே டிஸ்கை விற்க வேண்டும். 2010இல் வந்த ‘அவேக்கனிங்’ என்ற நீட்டிப்பில் இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்: செத்துப்போன வார்டனை வைத்து ஆடிச் சேமித்த சேவ் ஃபைலைக் கொடுத்தாலும் கேம் வாங்கிக்கொள்ளும், எந்த விளக்கமும் இல்லாமல் ஆள் எழுந்து நடமாடுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாமல் 2011இல் ஹாக்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹாக் மனிதர்தான், வேறு குலம் இல்லை. குடும்பப் பெயர் நிச்சயம், குரல் உண்டு. அதாவது, வார்டனால் பட்ட சூட்டுக்குப் பிறகு ஷெப்பர்டு மாதிரி ஒருவரைச் செய்துகொண்டார்கள்.

சரி, ஷெப்பர்டு எப்படி மூன்று பாகம் தாங்கினார்? முதல் பாகம் 2007இல் வந்தபோதே தொடர்ந்து வரப்போகிற ஆள் என்று தெரிந்து செய்தது அது. ஷெப்பர்டு மனிதர், ராணுவத்துக்காரர், கமாண்டர். இதெல்லாம் மாறாது. ஆணுக்கு மார்க் மீர், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல் என்று இரண்டே குரல். எங்கே பிறந்தார், எதனால் பெயர் வாங்கினார் என்பதற்கு மும்மூன்று தேர்வு. முகத்தை மட்டும் நம் இஷ்டத்துக்கு விட்டார்கள். பெயரில் செய்த வேலை இன்னும் கெட்டிக்காரத்தனம். முன்பெயரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளலாம், ஆனால் மூன்று பாகத்திலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் ‘ஷெப்பர்டு’ அல்லது ‘கமாண்டர்’. நம் ஆட்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது. அடையாளக் கார்டில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் அம்மா கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர் என்று வளர்ந்தவர்கள்தானே. யாங்கூன் கடையில் ஷெப்பர்டுக்குத் தங்கள் வீட்டுப் பெயரை வைத்து ஆடிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். திரையில் அந்தப் பெயர் ஓர் ஓரத்தில் நிற்கும், கதையில் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் பாகத்தின் தொடக்கம்தான் இந்த விஷயத்தில் நான் பார்த்ததிலேயே சாமர்த்தியமான ஐந்து நிமிடம். கப்பல் உடைகிறது, ஷெப்பர்டு விண்வெளியில் மூச்சு முட்டிச் சாகிறார். பிறகு செர்பரஸ் என்ற அமைப்பு அவர் உடலை எடுத்து மறுபடி கட்டி எழுப்புகிறது. ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று பாருங்கள். முகத்தை மாற்ற ஆசையா, மாற்றிக்கொள்ளலாம், புதிதாகக் கட்டிய உடம்புதானே. சண்டை வகுப்பை மாற்றலாம். முதல் பாகத்தில் ஏறிய லெவல், சேர்த்த துப்பாக்கி எல்லாம் ஏன் போயிற்று என்ற கேள்வியே எழாது. முதல் பாகம் ஆடாதவருக்கும், ‘இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தாய், உலகத்தில் இன்னின்னது நடந்தது’ என்று எல்லோரும் விளக்கிச் சொல்வது இயல்பாக அமைந்துவிடுகிறது. பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி கேமின் இரண்டாம் பாகமும் 2018இல் கிட்டத்தட்ட இதையே செய்தது. ஒரு தெய்வத்தின் பிரம்மாண்டச் சிலை உங்கள் கோட்டையைப் பிய்த்துக்கொண்டு எழுந்து நடக்கிறது, நீங்கள் செத்துப் பிழைக்கிறீர்கள், கையில் ஒன்றும் இல்லை. இந்த ‘விழித்துப் பார்த்தால் எல்லாம் பறிபோயிருந்தது’ வித்தை மிகப் பழையது. 1989இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் தி அஸ்யூர் பாண்ட்ஸ்’ முதல் பாகத்து ஆட்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் கண் விழிக்கும்போது ஆயுதம் எல்லாம் காணாமல் போய், கையில் நீல நிற முத்திரைகள் மட்டும் இருக்கும். அதற்கும் முன்னே, 1982இல் வந்த விசர்ட்ரியின் இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தில் வளர்த்த ஆட்கள் இல்லாமல் ஆடவே முடியாது. வியாபாரத்துக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று தெரிந்ததால்தான் பிறகு வந்தவர்கள் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள்.

முகம், பெயர், லெவல் இவையெல்லாம் சுலபமான பாதி. கஷ்டமான பாதி, நீங்கள் எடுத்த முடிவுகள். இரண்டு வழி உள்ள முடிவு பத்து இருந்தால் 1,024 விதமான உலகம். அத்தனைக்கும் யாரும் வசனம் எழுத மாட்டார்கள், பதிவு செய்யப் பணமும் இருக்காது. எனவே ஆறு எங்கே கிளை பிரிந்தாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்று சேரும்படி வெட்டிவிடுவார்கள். மாஸ் எஃபெக்ட் மூன்றில் இது அப்பட்டமாகத் தெரியும். முதல் பாகத்தில் ரெக்ஸைச் சுட்டுவிட்டீர்களா, அவர் நாற்காலியில் அதே க்ரோகன் இனத்து ரீவ் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டாம் பாகத்தில் மார்டின் செத்தாரா, பாடோக் விக்ஸ் வந்து அவர் வேலையைப் பார்ப்பார். ராக்னி ராணியைக் கொன்றுவிட்டீர்களா, பரவாயில்லை, எதிரிகளான ரீப்பர்கள் வேறொன்றைச் செய்து வைத்திருப்பார்கள். கவுன்சிலுக்கு ஆண்டர்சனைத்தான் அனுப்புவேன் என்று முதல் பாகத்தில் நீங்கள் சொல்லியிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் அந்த இடத்தில் உடினாதான் நிற்பார்.

இதைப் பலரும் ஏமாற்று வேலை என்று திட்டினார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. மார்டின் செய்த காரியத்தை விக்ஸ் செய்யும்போது காட்சி ஒன்றுதான், ஆனால் நெஞ்சில் ஒன்றும் ஆகாது. அந்த வெறுமைதான் உங்கள் முடிவுக்கு விலை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. இரண்டாம் பாகத்தின் தற்கொலைப் படையெடுப்பில் யார் வேண்டுமானாலும் சாகலாம் என்று விட்டதால், அந்தப் பாகத்துக் கூட்டாளிகளில் காரஸும் டாலியும் மட்டும்தான் மூன்றாம் பாகத்தில் நம்மோடு கூடவே வந்து சண்டை போடுவார்கள். ஜாக், தேன், கிரண்ட், மிராண்டா எல்லோரும் ஆங்காங்கே வந்து போவதோடு சரி. செத்திருக்கக்கூடியவர் மீது யார் பணம் போடுவார்கள்? சுதந்திரம் தந்த இடத்திலேயே ஆள் சுருங்கிப் போனார். ஷெப்பர்டே அந்தப் படையெடுப்பில் சாகவும் வழி உண்டு. அப்படிப்பட்ட சேவ் ஃபைலை மட்டும் மூன்றாம் பாகம் வாங்கிக்கொள்ளாது. அவேக்கனிங்கில் இருந்து பாடம் படித்துவிட்டார்கள்.

கணக்கு எழுதுவதிலும் தகராறு வரும். கான்ராட் வெர்னர் என்று ஷெப்பர்டின் பரம ரசிகர் ஒருவர் முதல் பாகத்தில் வருவார். அவரிடம் எவ்வளவு தன்மையாகப் பேசி அனுப்பியிருந்தாலும் இரண்டாம் பாகத்தில், ‘நீங்கள் என் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டினீர்களே’ என்று ஆரம்பிப்பார். சேவ் ஃபைலில் ஒரு குறி தப்பாகப் படிக்கப்பட்டதன் விளைவு. மூன்றாம் பாகத்தில் அந்தத் தவற்றையே கேலிப் பேச்சாக்கி அவர் வாயாலேயே சமாளித்தார்கள். அதே மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில் வந்தபோது, முதல் பாகத்தில் இருந்து கொண்டுவந்த முகத்தை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கதை எல்லாம் சரியாக வருகிறது, முகம் மட்டும் யாரோ. பேட்ச் வந்து சரியாக அடுத்த மாதம் ஆனது. அந்த சமயத்தில் உலகம் முழுக்க எழுந்த கூச்சலைப் பார்த்தால், மனிதர்களுக்குத் தாங்கள் எடுத்த பெரிய முடிவுகளைவிடத் தாங்கள் செய்த மூக்கின் மீது பாசம் அதிகம் என்று தோன்றும்.

இந்த சேவ் ஃபைல் ஏற்பாட்டைப் பற்றி நம் ஊர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் உட்கார்ந்து ‘உங்கள் பழைய சேவ் ஃபைலை ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டார்கள். 2010 வாக்கில் யாங்கூனில் ஒரு கேம் கடையின் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை மெஷின் எல்லாவற்றிலும், ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் சாஃப்ட்வேர் போட்டிருப்போம். வைரஸ் தொல்லைக்கு அது இல்லாமல் கடை நடத்த முடியாது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போய்த் திரும்பி வந்தால் தெருவே ‘மீ லா ப்பி’, கரண்ட் வந்தாச்சு, என்று கத்தும். உள்ளே ஒருவன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான், ஏனென்றால் மெஷின் புதுப் பெண்ணாட்டம் நிற்கும், அவன் ஷெப்பர்டு ஆவியாகியிருப்பார். விவரம் தெரிந்தவர்கள் மெமரி ஸ்டிக்கில் சேவ் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் சேவ் தேவைப்படாத டோட்டா கேமோடு நிறுத்திக்கொண்டார்கள். முதல் பாகம் ஒரு மெஷினில், இரண்டாம் பாகம் வேறு யாரோ வீட்டில் என்று ஆடுகிறவனுக்கு சேவ் ஏற்றுமதி என்பது வெறும் பேச்சு.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை. மாஸ் எஃபெக்ட் இரண்டு பிளேஸ்டேஷன் 3க்கு வந்தபோது அந்த மெஷினில் முதல் பாகமே கிடையாது. அதனால் ஒரு சித்திரக்கதையை உள்ளே வைத்தார்கள். படம் ஓடும், முக்கியமான இடங்களில் நிறுத்தி ‘இங்கே என்ன செய்தீர்கள்’ என்று கேட்கும். பதில் சொன்னால் அந்த உலகம் தயார்.

நேரே கேட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. ஃபைல் தொலையும், மெஷின் மாறும். ஆடியவன் மறக்க மாட்டான். இதை அழகாகச் செய்த கேம் என்றால் 2004இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் நீங்கள்தான் ரேவன். ஆணா பெண்ணா, நல்ல பக்கமா இருண்ட பக்கமா எல்லாம் உங்கள் தேர்வு. இரண்டாம் பாகத்தில் நாயகர் வேறொருவர். ஆரம்பத்தில் ஆட்டன் என்ற வாயாடி விமானி ரேவனைப் பற்றி ஏதோ ஊர்க்கதை அளப்பார். நீங்கள் இடைமறித்து, அவன் இல்லை அவள், அவள் திரும்பி நல்ல வழிக்கு வந்தாள் என்கிற மாதிரி திருத்துவீர்கள். அவரும், ‘ஓஹோ, அப்படியா’ என்று விட்டுவிடுவார். மெனு இல்லை, டிக் போடும் பெட்டி இல்லை. பேச்சு முடியும்போது உங்கள் ரேவன் யார் என்று கேம் தெரிந்துகொண்டுவிட்டது. விட்சர் மூன்றில் ஜெரால்ட் நாம் உருவாக்கிய ஆள் இல்லைதான், ஆனாலும் முந்திய பாகத்து முடிவுகளைக் கேட்க வேண்டும். ஒரு படைத்தலைவர் எதிரில் உட்கார்ந்து விசாரிக்கிறார், அதற்குள் ஜெரால்டுக்குத் தாடி மழிக்கிறார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது பொய் சொல்ல மனம் வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

டிராகன் ஏஜ் மூன்றாம் பாகமான ‘இன்க்விசிஷன்’ 2014இல் வந்தபோது சேவ் ஏற்றுவதையே கைவிட்டு, இணையத்தில் ‘கீப்’ என்று ஒரு தனி ஏற்பாட்டை வைத்தார்கள். பழைய இரண்டு பாகத்திலும் என்னென்ன செய்தீர்கள் என்று அதில் ஒவ்வொன்றாகக் குறித்துவிட வேண்டும். ஆட்டனின் அழகு இதில் இல்லை, படிவம் நிரப்புகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் கரண்ட் போனாலும் போகாது.

இனி, கேட்கவும் மாட்டோம், நாங்களே சொல்லிவிடுகிறோம் என்கிற கட்சி. ரேவனுக்கே அது நடந்தது. 2011இல் வந்த நாவலும் அதே வருடம் வந்த ஆன்லைன் கேமும் ரேவன் ஆண், நல்ல வழிக்குத் திரும்பியவர் என்று அடித்துச் சொல்லிவிட்டன. இரண்டாம் பாகத்தின் நாயகர் பெண் என்றும், அவர் பெயர் மீட்ரா சுரிக் என்றும் முடிவாயிற்று. பெண் ரேவனை வைத்து ஆடிய எத்தனையோ பேருக்கு அது இன்றைக்கும் ஆறாத புண். பால்டர்ஸ் கேட்டில் இதைவிடக் கடுமை. 2000இல் வந்த இரண்டாம் பாகம் உங்கள் ஆளை அப்படியே உள்ளே விடும், ஆனால் கூண்டில் கண் விழிக்கும்போது கூட இருப்பவர்கள் இமோயன், ஜஹீரா, மின்ஸ்க். முதல் பாகத்தில் மின்ஸ்கை நீங்கள் சேர்க்கவே இல்லை என்றாலும், ஏன், செத்தே போயிருந்தாலும் அவர் அங்கே நிற்பார். கேமுக்கு வெளியே நாயகனின் பெயர் அப்டெல் ஏட்ரியன் என்று நாவல்களில் வைத்ததை அப்படியே அதிகாரப்பூர்வமாக்கி, பிறகு ஒரு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) சாகசத்தில் அவரைக் கொன்றும்விட்டார்கள். என் ஆள் பெண் மந்திரவாதி. அப்டெல் யார் என்று எனக்குத் தெரியாது.

இந்த வழியிலும் ஒன்று தப்பித்தது, ஃபாலவுட் இரண்டு. 1998இல் வந்தது, கதை முதல் பாகத்துக்கு எண்பது வருடம் கழித்து நடக்கிறது. நீங்கள் பழைய நாயகரின் பேரப்பிள்ளை. வால்ட் என்ற நிலத்தடிப் புகலிடத்தில் இருந்து துரத்தப்பட்ட அந்த ஆள் அரோயோ என்று ஒரு கிராமத்தை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது, அவர் உடுத்திய நீல உடை தெய்வச் சொத்து மாதிரி காப்பாற்றப்படுகிறது. கையேட்டில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளே உண்டு. டாக்மீட் நாய் ராணுவத் தளத்தின் மின்திரையில் மாட்டிச் செத்தது என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் நாய் பிழைத்திருக்கலாம். ஆனாலும் கோபம் வராது, தாத்தா காலத்துக் கதை என்றால் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும் என்று மனம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அதோடு, முதல் பாகத்தில் கொள்ளைக்காரர்களிடம் இருந்து நீங்கள் மீட்ட சின்னப் பெண் டான்டி இதில் ஒரு குடியரசுக்கே தலைவியாக, பழுத்த கிழவியாக உட்கார்ந்திருப்பார். நாயகரை எங்கும் காட்டவில்லை, அவர் கை பட்ட இடம் மட்டும் தெரிகிறது. எனக்குப் பிடித்தது இந்த முறைதான்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ்காரர்கள் இதையே இன்னும் சோம்பேறித்தனமாகச் செய்கிறார்கள், அதுவும் பலிக்கிறது. மாரோவிண்ட் நாயகர் என்ன ஆனார் என்று ஆப்ளிவியனில் கேட்டால், அகாவிர் கண்டத்துக்குப் பயணம் போனவர் திரும்பவில்லை என்று ஒரு வதந்தி. முடிந்தது. அதற்கும் முன்னால் 1996இல் வந்த டாகர்ஃபாலுக்கு ஒன்றோடு ஒன்று ஒத்துவராத பல முடிவுகள். காலமே உடைந்து போய் எல்லா முடிவும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டன என்று பிற்பாடு சொல்லிவிட்டார்கள். டியூஸ் எக்ஸ் இரண்டாம் பாகமும் 2003இல் முதல் பாகத்தின் மூன்று முடிவுகளையும் ஒன்றாகக் கலந்தது. சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே கவளத்தில் பிசைந்தால் எந்த ருசி வரும்? டாகர்ஃபாலில் அந்தக் கலவை அந்த உலகத்தின் புராணமாகவே ஆகிவிட்டது, டியூஸ் எக்ஸில் நான் எடுத்த முடிவுக்கு மரியாதை இல்லாமல் போனதுதான் மிச்சம்.

எக்ஸ்காம் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 2012 பாகத்தில் உலகத்தைக் காப்பாற்றினீர்கள் அல்லவா? இல்லை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள், ஏலியன்கள் பூமியைப் பிடித்து இருபது வருடம் ஆகிறது, உங்களைத் தொட்டிக்குள் அடைத்து உங்கள் மூளையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று ஆரம்பிக்கிறது 2016 பாகம். அந்தக் கேமை ஆடியவர்களுக்குத் தெரியும், அது பொய் இல்லை. முதல் தடவையில் எல்லோரும் தோற்றுத்தான் இருப்போம்.

பழைய நாயகனை நேருக்கு நேர் நிறுத்தி வெற்றி பெற்றவர்கள் ரொம்பக் குறைவு. நிறுத்தினால் அவன் பேச வேண்டும், முகம் காட்ட வேண்டும். அங்கேதான் நம் ஆள் இல்லை என்று தெரிந்துபோகும். போக்கிமான் கோல்டு, சில்வர் மட்டும் 1999இல் இதை ஜெயித்துக் காட்டியது. கேம் முழுக்க முடிந்த பிறகு வெள்ளி மலையின் குகைக்குள் ஏறிப் போனால், கடைசியில் ஒரு பையன் தனியாக நிற்கிறான். பெயர் ரெட். முதல் கேமில் நீங்கள் ஆடிய பையன். பேசப் போனால் வெறும் மூன்று புள்ளி, அவ்வளவுதான் அவன் வசனம். நீங்கள் ஆடியபோதும் அவன் பேசினதில்லையே. உடனே சண்டை. அவன் இறக்கும் ஆறு போக்கிமான்களைப் பாருங்கள். பிக்காச்சு இருக்கிறது, முதல் கேமின் மஞ்சள் பதிப்பு ஆடியவனுக்கு. வழியை மறித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஸ்னார்லாக்ஸ் இருக்கிறது. பரிசாகக் கிடைத்த ஈவி வளர்ந்து எஸ்பியானாக நிற்கிறது. மீதி மூன்று: வீனசார், சாரிசார்டு, பிளாஸ்டாய்ஸ். முதல் நாளில் எந்தக் குட்டியை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது அந்த அணியில் இருக்கிறது. யாருடைய கதையையும் அது பொய்யாக்கவில்லை. அவனைத் தோற்கடித்தால் ஒரு வார்த்தை இல்லாமல் மறைந்துவிடுகிறான், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது. பழைய கையடக்க மெஷின்காரர்கள் எந்தச் செலவும் இல்லாமல் செய்த வேலை இது.

இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது டார்க் சோல்ஸ் மூன்றின் கடைசி எதிரி மட்டும்தான். அதற்கு முன் நெருப்பேற்றியவர்கள் எல்லோரும் சேர்ந்த ஓர் உருவம்; வாள், ஈட்டி, மந்திரம், தீ என்று சண்டை முறையை மாற்றிக்கொண்டே வரும். முதல் பாகத்தை நீங்கள் எந்தச் சண்டை பாணியில் முடித்திருந்தாலும் அதில் கொஞ்சம் உங்களைப் பார்ப்பீர்கள்.

நேர்மாறாகவும் ஒரு வெற்றி உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். செயின்ட்ஸ் ரோ முதல் பாகத்து நாயகன் அநேகமாக ஊமை, ஆண் மட்டும். 2008இல் இரண்டாம் பாகத்தில் சிறை ஆஸ்பத்திரியில் கோமாவில் இருந்து எழும்போது முகம், உடல், ஆண் பெண் எல்லாமே மாற்றிக்கொள்ளலாம், ஆறு குரலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கதையில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கேமின் கிறுக்குத்தனத்துக்கு அது பொருந்தியது. ஷெப்பர்டிடம் செய்தால் பொருந்தாது.

இப்போது உங்கள் குள்ளப் பெண்ணுக்கு வருவோம். இரண்டாம் பாகத்தில் அவள் காணாமல் போனாள் என்று சொன்னீர்கள். பழைய சேவ் ஃபைலை ஏற்றி ஆடினீர்களா? ஏற்றியிருந்தால், ஆரிஜின்ஸ் கதை நடந்த ஃபெரெல்டன் நாட்டில் யார் அரியணையில் இருக்கிறார் என்ற பேச்சு உங்கள் முடிவின்படியே வரும். ஆரிஜின்ஸில் எதிரி லோகெய்னுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, அதனால் கூட்டாளி அலிஸ்டர் கோபித்துக்கொண்டு போயிருந்தால், ‘ஹேங்டு மேன்’ சாராயக்கடையில் ஓர் ஓரத்தில் குடித்துவிட்டு உளறிக்கொண்டிருப்பார். அவர் யார் என்று ஹாக்குக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வார்டனைக் காட்டாமலே வார்டன் செய்ததைக் காட்டுவது என்றால் இதுதான். அதைக் கவனிக்காமல் தாண்டியிருந்தால் போய் ஒரு தடவை பாருங்கள்.

இன்க்விசிஷனில் ஹாக் நேரில் வருவார். வருவதற்கு முன் முகத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். அவரைச் சாவுக்கு விட்டுவரவா, வேண்டாமா என்ற முடிவும் உங்கள் தலையில்தான் விழும். ஒரு நாயகனாக இருந்துகொண்டு பழைய நாயகனைத் தியாகம் செய்யச் சொல்வது கொஞ்சம் குரூரம், ஆனால் மறக்க முடியாத இடம். 2024இல் வந்த நான்காம் பாகம் ‘வேல்கார்டு’ இதெல்லாவற்றையும் ஓரம்கட்டி, மூன்றாம் பாகத்து நாயகரான இன்க்விசிட்டரைப் பற்றி மூன்றே மூன்று கேள்வி கேட்டுவிட்டு நகர்கிறது. யாரைக் காதலித்தார், இன்க்விசிஷனைக் கலைத்தாரா, சோலாஸை என்ன செய்வதாகச் சபதம் எடுத்தார் என்பவை. வார்டனைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அந்த விஷயத்தில் நான்காம் பாகத்தை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

ஆரிஜின்ஸ் கதையில் உங்கள் ஆள் உயிரோடுதான் முடித்தாள் என்றால், இன்க்விசிஷனைத் தொடங்குவதற்கு முன் கீப்பில் அதைச் சரியாகக் குறித்துவிடுங்கள். குலம், ஆண் பெண், யாரைக் காதலித்தாள் எல்லாம் அதில் இருக்கும். புதிதாக ஆரம்பிக்கும்போதே அந்த உலகத்தை ஏற்றிவிட வேண்டும், நடுவில் முடியாது. அந்த நேரத்துக்கு நெட் இருப்பது முக்கியம், அதனால் கரண்ட் நிலையாக இருக்கும் வேளையாகப் பார்த்து உட்காருங்கள். ஸ்கைஹோல்டு கோட்டைக்கு வந்த பிறகு போர் மேசையில் ஃபெரெல்டனின் நாயகரை, அதாவது உங்கள் வார்டனை, தொடர்புகொள்ளும் வேலை ஒன்று வரும். ஆளை அனுப்பினால் அவளிடம் இருந்து கடிதம் வரும். வார்டன்களைக் கடைசியில் பிடித்துச் சாவுக்கு இழுக்கும் ‘அழைப்பு’ என்ற கேட்டுக்கு மருந்து தேடி மேற்கே தூரத்தில் எங்கோ அலைகிறாள். யாரைக் காதலித்தாள் என்பதைப் பொறுத்து கடிதத்தின் வரிகள் மாறும்.